பழைய சரக்கு வேன் வாங்கப் போகிறீர்களா? விலையோடு வேலைச் செலவையும் கூட்டிப் பாருங்கள்

மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடாதீர்கள் என்று இருபது ஆண்டுகளாக விவசாயிகளிடம் சொல்லி வருகிறேன். ஆனால் என் அண்ணன் பழைய சரக்கு வேன் வாங்கியபோது, எந்தப் பரிசோதனையும் இல்லாமல் "வாங்கிப் போடுங்கண்ணே" என்று சொன்னவன் நான்தான்.

அண்ணன் ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளியும் முருங்கையும் சாகுபடி செய்கிறார். வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்று, 11 வருடம் ஓடிய டீசல் பிக்அப் வேன் ஒன்றை 2,35,000 ரூபாய்க்கு வாங்கினார். அதே வாரம் பார்த்த இன்னொரு வண்டி 3,10,000 ரூபாய். 'எழுபத்தைந்தாயிரம் மிச்சம்' என்று இருவரும் மகிழ்ந்தோம்.

மூன்றாவது மாதம், 60 கிரேட் தக்காளியோடு சந்தைக்குப் போகும் வழியில், விடியற்காலை மூன்றரை மணிக்கு இஞ்சின் கொதித்து வண்டி நின்றது. வேறு வண்டி பிடித்து, கிரேட்டுகளை மாற்றி ஏற்றிச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை ஏலம் முடிந்திருந்தது. மிச்சம் இருந்த வியாபாரியிடம் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார். அன்று மாலை போனில் அவர் சொன்னது இதுதான்: "தம்பி, மண்ணுக்கு டெஸ்ட் எடுக்கச் சொல்ற நீ, இந்த வண்டிக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கலாம்ல?"

அதன் பிறகு 14 மாதங்களில் அந்த வண்டிக்கு ஆன செலவை அண்ணன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ரேடியேட்டர் 7,500. ஹெட் கேஸ்கட், லேத் வேலை 18,500. கிளட்ச் 11,000. நான்கு டயர் 26,000. லீப் ஸ்பிரிங் பட்டை, புஷ் 9,000. செல்ஃப் மோட்டார் 4,500. டீசல் பம்ப் 9,500. கூட்டினால் 86,000 ரூபாய். வண்டியின் உண்மையான விலை 3,21,000 ஆகிவிட்டது. நாங்கள் விலை அதிகம் என்று விட்டுவிட்டு வந்த வண்டி 3,10,000.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இந்த ஒரு கணக்கைத்தான். பழைய வண்டியின் விலை என்பது விற்பவர் சொல்லும் தொகை மட்டும் அல்ல. அதோடு முதல் ஒரு வருடத்தில் நீங்கள் செய்யப்போகும் வேலையும் சேர்ந்ததுதான் விலை. அந்த வேலைகளில் பெரும்பாலானவற்றை வாங்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

2005இல் 'சின்ன யானை' என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் வந்த பிறகு, சிறு விவசாயியும் சொந்தச் சரக்கு வண்டி வைத்துக்கொள்ளும் நிலை வந்தது. அதற்கடுத்து ஒரு டன்னுக்கு மேல் ஏற்றும் பிக்அப் வேன்கள் பெருகின. இன்று அவற்றில் பல, இரண்டாவது மூன்றாவது கை மாறி நம் ஊர்களுக்கு வருகின்றன. கீழே சொல்லும் செலவுகள், ஒரு டன் முதல் ஒன்றரை டன் வரை ஏற்றும் டீசல் பிக்அப் வேனுக்கு எங்கள் பகுதி ஒர்க்‌ஷாப்களில் கேட்கும் தோராயத் தொகை. சின்ன யானை வகைக்கு இதைவிடக் குறையும். வேன் பெரிதானால் கூடும்.

இஞ்சின் கொதிப்பது: முதல் எதிரி போர்வெல் தண்ணீர்

சொட்டுநீர்க் குழாயின் துளைகளில் வெள்ளையாக உப்பு படிந்து அடைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டருக்குள்ளும் அதுதான் நடக்கிறது. நம் போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடாகும்போது சுண்ணாம்பாக மாறிப் படிகிறது. இஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் பாதைகளும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் சுருங்குகின்றன. வெயில் காலத்தில் முழு லோடோடு ஏற்றம் ஏறும்போது இஞ்சின் கொதிக்கிறது.

கொதித்த இஞ்சினை நிறுத்தாமல் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைகிறது. ஹெட் கேஸ்கட் போகிறது. தண்ணீரும் ஆயிலும் கலக்கின்றன. அதையும் கவனிக்காவிட்டால் பேரிங், பிஸ்டன் என்று முழு இஞ்சின் வேலையில் போய் முடியும். செலவு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். கூலன்ட் மாற்ற 800 முதல் 1,500 ரூபாய். ஹோஸ், தெர்மோஸ்டாட், பெல்ட் மாற்ற 1,000 முதல் 3,000. ரேடியேட்டர் 5,000 முதல் 10,000. ஹெட் கேஸ்கட், லேத் வேலையோடு 12,000 முதல் 25,000. முழு இஞ்சின் வேலை 70,000 முதல் 1,20,000. ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய விஷயம் லட்சத்தில் போய் நிற்பது இப்படித்தான்.

வாங்கும்போது, இஞ்சின் ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பச்சையாகவோ சிவப்பாகவோ கூலன்ட் இருந்தால் நல்லது. துருப்பிடித்த செந்நிறத் தண்ணீர் இருந்தால் கவனம். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் பசை இருந்தால், தண்ணீர் ஆயிலில் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். இஞ்சின் சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது. ஆவியோடு கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இன்னொன்று. 'கொதிக்குது' என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிச் செய்தால் இஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். போர்வெல் தண்ணீரை ஊற்றாமல், கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு பாட்டிலில் சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள். வழியில் அவசரத்துக்குக் கிடைத்த தண்ணீரை ஊற்ற நேர்ந்தால், ஊர் திரும்பியதும் அதை வடித்துவிட்டு மாற்றுங்கள்.

புகையைப் பார்த்து நோயைச் சொல்லலாம்

இலையின் நிறத்தைப் பார்த்துச் சத்துக் குறைபாட்டைச் சொல்வது போல, புகையின் நிறத்தைப் பார்த்து இஞ்சின் நிலையை ஓரளவு சொல்லலாம். கரும்புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், இன்ஜெக்டர் கோளாறாக இருக்கலாம். இது பெரும்பாலும் சிறு செலவில் தீரும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு சீல் அல்லது டர்போவில் கோளாறு. இது பெரிய செலவு. வெள்ளைப் புகை காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்சம் வருவது இயல்பு. இஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, அல்லது டீசல் எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள்.

இஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, துளையின் மேல் கையை வைத்துப் பாருங்கள். லேசான காற்று வருவது சரி. குப்குப் என்று புகையோடு தள்ளினால், மெக்கானிக்குகள் சொல்லும் 'பேக் கம்ப்ரஷன்' அது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன. அந்த வண்டிக்கு முழு இஞ்சின் வேலைத் தொகையைக் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.

நம் வண்டிகளுக்கென்றே ஒரு பிரச்சினை தூசி. வைக்கோல் ஏற்றும் வண்டியும் களத்து மேட்டில் நிற்கும் வண்டியும் நகரத்து வண்டியைவிடப் பல மடங்கு தூசியை இழுக்கின்றன. ஏர் ஃபில்டர் கிழிந்தோ சரியாக உட்காராமலோ இருந்தால், உள்ளே போகும் மண் சிலிண்டரை அரம் போட்டது போலத் தேய்க்கும். சில நூறு ரூபாய் ஃபில்டரைத் தள்ளிப் போடுவதன் விலை, இஞ்சின் வேலை.

கேன் டீசலும் இன்ஜெக்டரும்

மோட்டாருக்கு வாங்கி வைத்த கேனிலிருந்து வேனுக்கும் கொஞ்சம் ஊற்றிக்கொள்வது கிராமத்தில் சகஜம். அந்தக் கேனின் அடியில் தூசியும் தண்ணீரும் இருக்கும். பழைய வகை டீசல் பம்ப் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். 'காமன் ரயில்' வகை பொறுக்காது. மிக அதிக அழுத்தத்தில், மயிரிழையைவிட நுண்ணிய இடைவெளிகளில் வேலை செய்யும் அமைப்பு அது. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் வந்த பி.எஸ். 4, 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பிறகு, இப்படிப்பட்ட மின்னணுக் கட்டுப்பாட்டு இஞ்சின்கள்தான் அதிகம்.

பழைய பம்ப்பைக் கழற்றிச் சரிசெய்ய 6,000 முதல் 12,000 ரூபாய். காமன் ரயில் இன்ஜெக்டர் புதிதாக மாற்றினால் ஒன்றுக்கே 8,000 முதல் 18,000 வரை கேட்கிறார்கள். மூன்று அல்லது நான்கு இருக்கும். எனவே வாங்கும் வண்டி எந்த வகை, அதைப் பார்க்கத் தெரிந்த ஆளும் ஸ்கேனர் கருவியும் பக்கத்து ஊரில் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். ஒரு வண்டியைச் சரிசெய்ய ஐம்பது கிலோமீட்டர் கட்டி இழுத்துப் போக வேண்டும் என்றால், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு ஒன்று பல வண்டிகளில் இருக்கும். மாதம் ஒரு முறை அதைத் திறந்து கொஞ்சம் வடித்துவிடுங்கள். செலவு எதுவும் இல்லை.

கிளட்ச், கியர், ஹவுசிங்

ஈரமான மண் பாதையில் லோடோடு ஏறும் வண்டியில் கிளட்ச் சீக்கிரம் தேய்வது இயல்பு. கிளட்ச் பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டும் டிரைவர் இருந்தால் இன்னும் சீக்கிரம் போகும். சோதிப்பது சுலபம். சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியரில் மெதுவாகக் கிளட்ச்சை விடுங்கள். இஞ்சின் அணைந்துவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்ற, கூலியோடு 8,000 முதல் 14,000 ரூபாய். பிளேட்டை மட்டும் மாற்றி ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தால், பேரிங் போகும்போது கியர்பாக்ஸைத் திரும்பவும் இறக்க வேண்டும். கூலி இரட்டிப்பு.

ஓடும்போது கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் கியர்பாக்ஸ் வேலை. 10,000 முதல் 25,000. வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் அடியில் 'டங்' என்று சத்தம் வந்தால் பிராப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் தேய்ந்திருக்கும். 1,000 முதல் 2,500. வேகத்தில் பின்பக்கமிருந்து ஊளையிடுவது போல் சத்தம் வந்தால் ஹவுசிங்கில் கிரவுன், பினியன் தேய்ந்திருக்கலாம். 15,000 முதல் 25,000. கிராஸுக்குக் கிரீஸ் அடிப்பதும் ஹவுசிங் ஆயில் அளவைப் பார்ப்பதும் சில நூறு ரூபாய் வேலைகள்.

பிரேக்கும் பட்டையும்: இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்

தாளவாடி மலையிலிருந்து காய்கறி ஏற்றி வரும் வண்டிகள் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சத்தியமங்கலம் வருகின்றன. கொடைக்கானல், சிறுமலை வண்டிகளுக்கும் இப்படித்தான் இறக்கம். லோடோடு இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் லைனிங் சூடாகிப் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் பழையதாக இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் ஆவியாகி, பெடல் பஞ்சு போல உள்ளே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை முழுதாக மாற்ற ஆயிரம் ரூபாய்கூட ஆகாது. லைனிங், சிலிண்டர் வேலை எல்லாம் சேர்த்து 3,000 முதல் 8,000. இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இஞ்சின் பாதி பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும்.

பட்டைகளையும் பாருங்கள். வெறும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் பட்டை உட்கார்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. கூடுதல் பட்டை சேர்த்திருந்தால், அந்த வண்டி அளவுக்கு மீறி லோடு சுமந்த வண்டி என்று தெரிந்துகொள்ளுங்கள். பட்டை மட்டும் கனத்தால் போதாது. ஆக்ஸில், பேரிங், பிரேக், டயர், சேசிஸ் எல்லாம் பழைய பலத்தோடுதான் இருக்கின்றன. ஒரு நடையில் முடிக்க இரண்டு நடை லோடை ஏற்றும் வழக்கத்தால் மிச்சமாகும் டீசல் காசு, பட்டை, டயர், கிளட்ச் மூன்றிலும் திரும்பப் போய்விடும்.

டயரில் பட்டன் ஆழமாக இருந்தாலும் வயது பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. நன்றாகத் தெரியும் டயர் பக்கங்களில் வெடிப்பு விட்டிருந்தால், வெயிலில் லோடோடு வெடிக்கும். ஒரு டயர் 5,500 முதல் 8,000 ரூபாய். நான்கையும் மாற்ற வேண்டிய வண்டி என்றால், அந்தத் தொகையை விலையிலிருந்து கழியுங்கள். அண்ணன் வண்டியில் இதை நாங்கள் பார்க்கவே இல்லை.

உர மூட்டை தரும் துரு

ஒரு வேளாண் விஞ்ஞானியாக இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதில் ஏறத்தாழப் பாதி குளோரைடுதான். சமையல் உப்பு இரும்பை அரிப்பது போலவே அதுவும் அரிக்கும். அம்மோனியம் சல்பேட்டும் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைத் தின்னும். மூட்டையிலிருந்து சிந்திய உரமும், ஈரக் கோழி எருவும், கழுவிய கேரட்டிலிருந்து வடியும் தண்ணீரும் தளத் தகட்டின் இடுக்கு வழியாக இறங்கிச் சேசிஸ் மேல் தங்குகின்றன. வெளியே புது பெயின்ட் பளபளக்கும். அடியில் சேசிஸ் பொரிந்துகொண்டிருக்கும்.

வாங்கும்போது வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சிறு சுத்தியலால் சேசிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். 'டிங்' என்று கணீரென ஒலித்தால் இரும்பு நலம். 'டப்' என்று மந்தமாக ஒலித்துச் செதில் உதிர்ந்தால் உள்ளே அரித்திருக்கிறது. தளத் தகடு மாற்றலாம். 10,000 முதல் 25,000 வரை ஆகும். ஆனால் சேசிஸிலேயே வெல்டிங் வைத்த தடயம் இருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சொந்த வண்டி என்றால், உரமோ எருவோ ஏற்றிய அன்றே தளத்தையும் அடிப்பகுதியையும் தண்ணீர் அடித்துக் கழுவிக் காயவிடுங்கள். தளத்தின் மேல் தார்ப்பாய் விரித்து மூட்டை ஏற்றுவது அதைவிட நல்லது.

மின்சாரமும் எலியும்

செல்ஃப் எடுக்கவில்லை என்றால் உடனே பேட்டரி மாற்றாதீர்கள். 500 ரூபாய்க்குள் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். இஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் காட்டினால் டைனமோ சரியாக ஏற்றுகிறது. 13க்குக் கீழே இருந்தால் கோளாறு டைனமோவிலோ பெல்ட்டிலோ இருக்கலாம். புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும். பேட்டரி 5,000 முதல் 8,000. டைனமோ, செல்ஃப் சரிசெய்ய 2,000 முதல் 5,000.

நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையில் வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு எலி ஒரு பெரிய செலவு. மின்னணு இஞ்சினில் அது கடிக்கும் ஒரு வயர் வண்டியையே நிறுத்திவிடும். தானியம் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி நிறுத்துங்கள். பல நாள் எடுக்காமல் இருந்தால் ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள்.

வாங்கப் போகும் நாளில்

காலையிலேயே போங்கள். "இஞ்சினைச் சூடு பண்ண வேண்டாம், நாங்களே வந்து எடுக்கிறோம்" என்று முன்னாலேயே சொல்லுங்கள். பானெட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கலை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

உங்களுக்கு வேண்டிய மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். விற்பவர் காட்டும் ஆள் வேண்டாம். ஒரு நாள் கூலி கொடுங்கள். அந்த ஆயிரம் ரூபாய்தான் இந்த வியாபாரத்தில் நீங்கள் போடும் மிக லாபமான முதலீடு. முடிந்தால் அரை லோடு ஏற்றி, ஏற்றம் உள்ள சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். வெறும் வண்டியில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

காகிதங்கள். பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து எஃப்.சி., இன்ஷூரன்ஸ், கடன் பதிவு ஆகியவற்றைப் பாருங்கள். கடன் இருந்தால், அடைத்ததற்கான படிவம் 35 கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30. இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சரக்கு வண்டிக்கு எட்டு வயதுக்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் எஃப்.சி. எடுக்க வேண்டும், அதற்காகச் செய்யும் பெயின்ட், டிங்கரிங் செலவையும் கணக்கில் சேருங்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை, இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்திருக்கிறது.

சொந்த வண்டியா, வாடகையா?

இதையும் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. இன்ஷூரன்ஸ், எஃப்.சி., வரி எல்லாம் சேர்த்து வருடம் 30,000 என்று வையுங்கள். வண்டி விலை வருடம் 30,000 குறைகிறது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்த 60,000 போகும். வருடம் 100 நடை ஓட்டினால் வேலைச் செலவு 60,000. மொத்தம் 1,20,000, ஒரு நடைக்கு 1,200 ரூபாய். டீசலும் டிரைவர் கூலியும் தனி.

உங்கள் ஊரில் வாடகை வண்டி ஒரு நடைக்கு 2,200 கேட்கிறது, அதில் டீசலும் டிரைவரும் 1,200 என்றால், வண்டிக்காக நீங்கள் கொடுப்பது 1,000தான். அப்படியானால் 100 நடைக்கு வாடகையே மலிவு. 160 நடை ஓடினால்? வேலைச் செலவு 75,000 ஆனாலும் மொத்தம் 1,35,000. ஒரு நடைக்கு சுமார் 844 ரூபாய். இப்போது சொந்த வண்டி லாபம். உங்கள் ஊர் வாடகையையும் உங்கள் நடைகளையும் போட்டு இதே கணக்கை நீங்களே செய்து பாருங்கள். நடை போதவில்லை என்றால், நாலைந்து பேர் சேர்ந்தோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமோ ஒரு வண்டி வைப்பதுதான் அறிவு.

ஒர்க்‌ஷாப்பில் நான்கு பழக்கங்கள்

ஒன்று, வேலை தொடங்கும் முன் என்ன வேலை, என்ன பொருள், எவ்வளவு கூலி என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இரண்டு, கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மூன்று, பிரேக், ஸ்டீயரிங், பேரிங், ஃபில்டர் ஆகியவற்றுக்குப் போலிப் பொருள் வேண்டாம். கம்பெனி பொருளே போடுங்கள். கதவு, விளக்கு, பம்பர் போன்றவற்றைச் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பொருள் சந்தைகளில் வாங்கினால் குற்றமில்லை. நான்கு, ஒரே வேலையின் செலவு, வண்டியை இன்று விற்றால் கிடைக்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், ஒரு நாள் யோசியுங்கள். ஏற்கெனவே போட்ட பணத்துக்காக மேலும் பணம் போடுவது, பட்டுப்போன தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போலத்தான்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் பராமரிப்பு முகாம் நடத்துகிறோம். விளைந்த பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வேனுக்கு நடத்துவதில்லை. அறுவடைப் பருவத்துக்கு முன் ஒரு நாள், உள்ளூர் மெக்கானிக் ஒருவரை வைத்து, கிராமத்து வண்டிகளை வரிசையாக நிறுத்திக் கூலன்ட், பிரேக் ஆயில், பெல்ட், டயர், பேட்டரி ஐந்தை மட்டும் பார்த்துக் கொடுங்கள். ஒரு கிராமத்தில் ஒரு லோடு தப்பினால்கூட அந்த முகாமின் செலவு திரும்பிவிடும்.

அண்ணன் அந்த வண்டியை விற்கவில்லை. போட வேண்டிய பணத்தைப் போட்டாயிற்று, இனி ஓட்டித்தான் எடுக்க வேண்டும் என்கிறார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நூல் கட்டித் தொங்கும் நோட்டில் ஒவ்வொரு செலவும் தேதியும் கிலோமீட்டரும் எழுதப்பட்டிருக்கின்றன. தக்காளி பறிப்பு தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பு வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும். பறிப்பு தொடங்கிய பிறகு அல்ல. கடந்த இரண்டு பருவமாக ஒரு லோடும் வழியில் நிற்கவில்லை.

போன மாதம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் பழைய வேன் பார்க்கப் போவதாகச் சொன்னாராம். அண்ணன் அவரோடு கிளம்பிப் போயிருக்கிறார், கையில் ஒரு சுத்தியலும் டார்ச் லைட்டும் எடுத்துக்கொண்டு. மூன்று வண்டிகளை அடியில் படுத்துப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான்காவதைத்தான் வாங்க விட்டாராம். நீங்கள் வண்டி பார்க்கப் போகும்போதும் அந்தச் சுத்தியலை மறந்துவிடாதீர்கள்.